பழைய ஜிம்னியைக் கொடுக்க மனசு வரவில்லை, உங்களில் யாருக்காவது இப்படி உண்டா?

ஈசூன்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2006இல் பதிவான சுசுகி ஜிம்னி. ஜேபி43 மாடல், 1.3 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். 2016இல் பத்து ஆண்டுக்கு சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்தேன், அதுவும் இந்த ஆண்டுக் கடைசியில் முடிகிறது. வீட்டில் மனைவி, மகள், அம்மா மூவருக்கும் ஒரே பதில்தான்: "போதும், ஸ்கிராப்புக்குக் கொடுத்துவிடுங்கள்."

அவர்கள் சொல்வதில் தப்பே இல்லை. இரண்டே கதவு, பின்னால் உட்கார வேண்டுமென்றால் முன்சீட்டை மடக்கிவிட்டுக் குனிந்து நுழைய வேண்டும், எழுபது தாண்டிய அம்மாவுக்கு அது முடியாத காரியம். பிஐஇ விரைவுச்சாலையில் 90இல் போனால் பாட்டு கேட்காது, பக்கத்தில் பெரிய லாரி கடந்து போனால் வண்டி ஒரு பக்கம் தள்ளும். பின்சீட்டை மடக்காமல் இரண்டு மார்க்கெட் பைக்கு மேல் வைக்க இடமில்லை. இதெல்லாம் எனக்கும் தெரியும்.

ஆனால் நான் கார்ப் பைத்தியமும் இல்லை, அதுதான் எனக்கே புரியாத விஷயம். இதற்கு முன் ஒரு டொயோட்டா வியாஸ் வைத்திருந்தேன். விற்ற அன்று சாவியைக் கொடுத்துவிட்டு எம்ஆர்டி ரயில் பிடித்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன். இந்த ஜிம்னியை விளம்பரத்தில் போடலாம் என்று படமெல்லாம் எடுத்துவிட்டு அதோடு நிறுத்திவிட்டேன், படங்கள் இன்னும் போனில்தான் இருக்கின்றன. என் புளோக்கில் பழைய பஜேரோ வைத்திருக்கும் மலாய் அங்கிள் ஒருவரும் இதே கேஸ். அவர் மனைவி கார்நிறுத்தத்தில் என்னைப் பார்த்தால் முறைக்கிறார், நான்தான் அவரைக் கெடுக்கிறேன் என்று நினைப்பு.

இத்தனைக்கும் இந்த ஊரில் இந்த மாதிரி வண்டிக்கு வேலையே கிடையாது. ஆக உயரமான இடம் புக்கிட் தீமா, 163 மீட்டர், அதுவும் நடந்து ஏற வேண்டியது. ஃபோர் வீல் பட்டனை நான் அமுக்கியதெல்லாம் மலேசியாவில் ஜொகூர்ப் பக்கம் போனபோதுதான். வியாஸ்மேல் வராத பாசம் இந்த மாதிரி பழைய ஜீப் ரக வண்டிகள்மேல் மட்டும் ஏன் வருகிறது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கிண்டலும் செய்யலாம், வீட்டில் பழகிவிட்டது.

கணக்குப்பிள்ளை:

பாசம் என்று நீங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் சிஓஇதான் சார். கோபப்படாதீர்கள், கணக்கைப் பார்ப்போம்.

2016இல் புதுப்பித்த அன்றே உங்கள் பார்ஃப் கழிவு (வண்டியைக் கொடுத்தால் அரசு திருப்பித் தரும் தொகை) போய்விட்டது. சிஓஇ கடைசி நாள் வரை ஓட்டிவிட்டுக் கொடுத்தால் சான்றிதழில் மிச்சம் திரும்ப வராது, ஏற்றுமதிக்கோ உடைக்கவோ எடுப்பவர் கொடுக்கும் சில்லறைதான் கையில் நிற்கும். அதை வைத்துக்கொண்டு புது வண்டி வாங்கப் போனால் சின்னக் கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ நிற்கும் உயரத்தைப் பாருங்கள். 2008 நவம்பரில் இதே ஏ பிரிவு 2 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) முடிந்தது, எழுத்துப் பிழை இல்லை, இரண்டே வெள்ளி. 2023 அக்டோபரில் 106,000. அப்படி இருக்கும் ஊரில் கையில் இருக்கும் வண்டியை விட மனசு வராதது இயல்புதான், அதற்கு மனத்தத்துவம் எல்லாம் தேவையில்லை.

மனத்தத்துவமும் வேண்டுமென்றால் இருக்கிறது. 1990இல் கானமன், நெட்ச், தேலர் மூவரும் வெளியிட்ட காபிக் குவளைப் பரிசோதனை பிரபலம். மாணவர்களில் பாதிப் பேருக்குச் சும்மா ஒரு குவளையைக் கொடுத்துவிட்டு என்ன விலைக்கு விற்பாய் என்று கேட்டார்கள், மற்றவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவாய் என்று கேட்டார்கள். குவளை கையில் இருந்தவர்கள் சொன்ன விலை மற்றவர்கள் சொன்னதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சில நிமிடம் கையில் இருந்த குவளைக்கே இப்படி என்றால் உங்களுக்கு இருபது வருட ஜிம்னி.

இன்னொன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பதினான்கு ஆண்டு தாண்டிய கார் என்பதால் சாலை வரி ஏற்கெனவே ஒன்றரை மடங்கு கட்டுகிறீர்கள், பரிசோதனையும் ஆண்டுதோறும். ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தால் சிஓஇயின் மூன்று மாதச் சராசரி விலையில் பாதி கட்டினால் போதும், ஆனால் அதற்குமேல் நீட்டிக்க முடியாது, ஐந்து முடிந்ததும் வண்டி கட்டாயம் போக வேண்டும். பத்து என்றால் முழு விலை, அப்புறம் மறுபடியும் நீட்டிக்கலாம். தனியார் காருக்கு இத்தனை வயதுக்கு மேல் கூடாது என்று சட்டத்தில் தடை இல்லை.

ஈசூன்வாசி:

கணக்குக்கு நன்றி சார், இதை மனைவியிடம் காட்டப் போவதில்லை. ஆனால் என் கேள்விக்குப் பதில் வரவில்லையே. வியாஸும் என் கையில் சில வருடம் இருந்த குவளைதான், அதற்கு ஏன் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை?

ஸ்பேனர்:

நான் காக்கி புக்கிட்டில் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறேன், ஜப்பான் ஜீப் வகைகள்தான் அதிகம் வரும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நீளமாக இருந்தால் மன்னியுங்கள், மதிய இடைவேளையில் போனில் தட்டுகிறேன்.

வியாஸ் மாதிரி காருக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டகம்) கிடையாது, பாடியே சேஸிஸ். நடுப்பகுதியில் பலமாக அடி வாங்கினாலோ அடித்தளம் துருப்பிடித்தாலோ "இனி செலவு செய்து பயனில்லை" என்று நாங்களே சொல்லிவிடுவோம், ஓனரும் தலையாட்டுவார். ஜிம்னி அப்படி இல்லை. கீழே ஏணிமாதிரி ஒரு சேஸிஸ், அதன்மேல் பாடியை போல்ட் போட்டு உட்கார வைத்திருக்கிறான். முன்னால் ஒரு ஆக்சில், பின்னால் ஒரு ஆக்சில், இரண்டும் முழுத் தண்டு. என்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி, நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இன்னும் தனி. எது போனாலும் அது மட்டும்தான் போகும், அதை மட்டும் இறக்கி வேறு போடலாம். ஜொகூரில் ஹாஃப்கட் (பாதியாக வெட்டிய பழைய வண்டி) விற்கும் கடைகளுக்குப் போனால் ஆக்சில் முழுசாகவே கிடைக்கும்.

இதனால் என்ன ஆகிறது என்றால், இந்த வண்டி எப்போதும் தானாகச் சாகாது. "நான் முடிந்துவிட்டேன்" என்று வண்டி உங்களிடம் சொல்வதே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு பேரிங், ஒரு புஷ், ஒரு ரேடியேட்டர் என்று கேட்கும், நீங்கள் சரி என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறீர்கள். வியாஸை நீங்கள் ஒரே ஒரு தடவைதான் தேர்ந்தெடுத்தீர்கள், வாங்கிய அன்று. ஜிம்னியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்த ஒவ்வொரு தடவையும் மறுபடி தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அத்தனை தடவை "வைத்துக்கொள்கிறேன்" என்று சொன்ன ஆளை இப்போது திடீரென்று "வேண்டாம்" என்று சொல்லச் சொன்னால் வாய் வருமா?

இன்னொன்று, இந்த வண்டிக்கு என்ன நோய் என்று ஓட்டுகிறவனுக்கே தெரியும். ஜேபி43 வைத்திருக்கும் எல்லாருக்கும் அந்த ஆட்டம் தெரியும், எழுபது எண்பதில் போகும்போது பாலத்து இணைப்பில் ஏறி இறங்கியதும் ஸ்டீயரிங் கையைப் பிடித்து உதறும். முதல் தடவை வந்தவர்கள் வெளுத்துப்போய் வருவார்கள். சில இடங்களில் ஸ்டீயரிங் டேம்பரை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவார்கள், ஆட்டம் கொஞ்ச நாள் அடங்கும், காரணம் அப்படியே இருக்கும். ஒழுங்காகப் பார்த்தால் முன்சக்கரம் திரும்பும் இடத்தில் இருக்கும் கிங்பின் பேரிங், இரண்டு பக்கமும் மேலும் கீழும் நான்கு, அப்புறம் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடு புஷ், டயர் பேலன்ஸ். இதை ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்த ஓனர் அடுத்த தடவை வந்து "அண்ணே, இடது பக்கம் கீழ் பேரிங் என்று நினைக்கிறேன்" என்பார். பாதி நேரம் சரியாகவே இருக்கும். ஃபோர் வீல் லைட் மினுக்கினால் வேக்குவம் (வெற்றிட) குழாயில் காற்றுக் கசிவு, அதையும் சொல்வார். புதுக் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தால் அவருக்கு என்ன தெரியும், எனக்கே கம்ப்யூட்டரைச் செருகினால்தான் தெரியும்.

புதுக் கார் ஓனர் சாவியை மேசையில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார். பழைய ஜீப்காரர் வண்டிக்கு அடியில் எங்களோடு குனிந்து நிற்பார். தொந்தரவுதான், முதலாளிக்குப் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்.

கணக்குப்பிள்ளை:

நல்ல பதில், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "மறுபடி மறுபடி தேர்ந்தெடுத்தார்" என்பதை என் பாஷையில் போட்ட பணத்தை விட மனமில்லாமல் மேலும் பணம் போடுவது என்பார்கள்.

ஸ்பேனர்:

என்ன பாஷையில் சொன்னாலும் பில் என்னிடம்தானே வருகிறது சார்.

கேமரன்மகள்:

நான் செம்பவாங்கில் இருக்கிறேன், பிறந்து வளர்ந்தது மலேசியாவின் கேமரன் மலை, கம்போங் ராஜா பக்கம். அப்பாவிடம் லேண்ட் ரோவர் சீரிஸ் 3, டீசல், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது. எங்கள் ஊருக்கு வந்திருப்பவர்களுக்குத் தெரியும், அங்கே இந்தப் பழைய லேண்ட் ரோவர்கள் காட்சிப்பொருள் கிடையாது, கூரை கிழிந்து, கதவு கயிற்றில் கட்டி, பின்னால் கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துச் சரிவில் இறங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் இங்கே பேரங்காடியில் வாங்கும் கேமரன் காய்கறியில் கொஞ்சமாவது லாரியில் ஏறுவதற்கு முன் இந்த மாதிரி ஒரு வண்டியில் வந்திருக்கும்.

அதனால் எனக்கு இந்தப் "பாசம்" பேச்சில் கொஞ்சம் சந்தேகம். மாடிக் கார்நிறுத்தத்தில் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் ஜீப்பைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பா அந்த வண்டியை ஒரு நாளும் கழுவி நான் பார்த்ததில்லை, மழைதான் கழுவும். திட்டுவார். காலையில் குளிரில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அவர் பேசும் பேச்சைச் சபையில் எழுத முடியாது. ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் "வேலை செய்யுது, வச்சிருக்கேன்" என்பார், அவ்வளவுதான். ஹைலக்ஸ் பிக்கப் வாங்கித் தருகிறோம் என்று அண்ணன் சொன்னபோதும் இதே பதில்.

ஆனால் ஸ்பேனர் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு ஒன்று யோசித்தேன். மழை பெய்த மறுநாள் எங்கள் தோட்டத்து வழியில் செம்மண் வழுக்கும், ஒரு பக்கம் பள்ளம். அந்த இறக்கத்தில் பாரத்தோடு அப்பா மட்டும்தான் ஓட்டுவார். லோ ரேஞ்சில் (மிக மெதுவான கியர் வரிசை) முதல் கியரைப் போட்டுவிட்டு இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்துவிடுவார், பிரேக்கைத் தொட்டால் சக்கரம் பூட்டிச் சறுக்கும், என்ஜினே வண்டியைப் பிடித்து மெல்ல இறக்கட்டும் என்று விட்டுவிடுவார். வேறு யாராவது ஓட்டினால் பயத்தில் பிரேக்கை மிதித்துவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். அந்த வண்டியை எவ்வளவு தூரம் நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பது அவர் காலில் இருக்கிறது. புது ஹைலக்ஸிலும் அதே மாதிரி இறங்கலாம், இன்னும் பத்திரமாகவே இறங்கலாம். ஆனால் அதை யார் வேண்டுமானாலும் இறக்கிவிடலாம், அதுதான் அப்பாவுக்குப் பிடிக்காத விஷயம் என்று இப்போது தோன்றுகிறது. அறுபத்தெட்டு வயசில் இந்த வீட்டில் அவரால் மட்டும் முடிகிற வேலை என்று இது ஒன்றுதான் மிச்சம்.

ஒரு தகவல், லேண்ட் ரோவர் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு. மேல் பாடி அலுமினியம், துருப்பிடிக்காது என்று விற்பவர் சொல்வார், உண்மைதான். கீழே சேஸிஸ் இரும்பு, அது நன்றாகவே துருப்பிடிக்கும். அலுமினியமும் இரும்பும் தொடும் இடங்களில் அலுமினியமும் வெள்ளைத் தூளாக உதிரும். குனிந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

டோபாயோ டிரைவர்:

கேமரன் அக்கா எழுதியது ரொம்ப உண்மை. நான் என்எஸ்ஸில் (கட்டாய ராணுவச் சேவை) டிரைவராக இருந்த காலத்தில் எங்களுக்கு லேண்ட் ரோவர்தான், அப்புறம்தான் பென்ஸ் ஜீப் வந்தது, இப்போது பையன்களுக்கு ஃபோர்டு எவரெஸ்ட், ஏசியெல்லாம் இருக்கிறதாம், கொடுத்துவைத்தவர்கள். எங்கள் ரோவரில் பவர் ஸ்டீயரிங் கிடையாது, நின்ற இடத்தில் திருப்பினால் தோள்பட்டை கழன்றுவிடும். திட்டிக்கொண்டேதான் ஓட்டினோம். ஆனால் ஓஆர்டி ஆகி (சேவை முடிந்து) வெளியே வந்த பிறகு என் செக்‌ஷன் ஆள்கள் சந்தித்தால் எந்த ஆபீசரைப் பற்றிப் பேசுகிறோமோ இல்லையோ அந்த வண்டியைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை.

அது மட்டுமில்லை, இந்த ஊருக்கும் லேண்ட் ரோவருக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு சீரிஸ் 1 வண்டிகளில் லண்டனில் கிளம்பி, தரை வழியாகவே வந்து 1956 மார்ச்சில் சிங்கப்பூரில் இறங்கினார்கள். இந்தியாவைத் தாண்டி, பர்மாவுக்குள் போகும் லெடோ ரோடு வழியாக, காட்டுக்குள். வண்டிகளுக்கும் "ஆக்ஸ்ஃபர்டு", "கேம்பிரிட்ஜ்" என்றே பெயர். அதில் ஆக்ஸ்ஃபர்டு பிற்பாடு எங்கெங்கோ போய் செயின்ட் ஹெலினா தீவில் துருப்பிடித்துக் கிடந்தது. அதை மீட்டு இங்கிலாந்து கொண்டுபோய்ச் சரிசெய்து, 2019 ஆகஸ்டில் அதே வண்டி இங்கே சிங்கப்பூரிலிருந்து கிளம்பி டிசம்பரில் லண்டன் போய்ச் சேர்ந்தது. முதல் பயணத்தில் இருந்த டிம் ஸ்லெசர் இந்தத் தடவையும் வருவதாக இருந்தது, 87 வயது, கிளம்பும் சமயத்தில் உடம்புக்கு முடியாமல் போய் அவர் பேரன் நாட் ஜார்ஜ் அவர் இடத்தில் போனார்.

அந்த வண்டியில் 1955இல் இருந்த இரும்பு எவ்வளவு மிச்சம் இருக்கும், யோசியுங்கள். ஆனாலும் எல்லாரும் அதைப் பழைய ஆக்ஸ்ஃபர்டு என்றுதான் சொல்கிறார்கள், யாரும் மறுக்கவில்லை. ஸ்பேனர் சொன்ன அதே விஷயம்தான், ஒவ்வொரு துண்டாக மாற்ற முடிகிற வண்டியை எந்தக் கட்டத்தில் "இது வேறு வண்டி" என்று சொல்வது? சொல்ல முடியாது. வியாஸை யாராவது தீவிலிருந்து மீட்டுக் கொண்டுவருவார்களா?

முன்சீட்டு:

எல்லாரும் ஓட்டுகிறவர் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். பக்கத்து சீட்டில் உட்காருகிறவளையும் கொஞ்சம் பேச விடுங்கள். என் வீட்டுக்காரரிடம் பழைய லேண்ட் குரூசர் 70, குட்டை மாடல். கல்யாணத்துக்கு முன்பே அது வந்துவிட்டது, அதனால் வீட்டில் மூத்தது அதுதான்.

சனிக்கிழமை காலை ஆனால் அவர் கார்நிறுத்தத்தில். எதையாவது கழற்றுவார், எதையாவது மாட்டுவார், மாட்டிய பிறகு ஒரு நட்டு மிஞ்சும், அதைத் தேடிக்கொண்டு மத்தியானம் ஆகிவிடும். கோத்தா திங்கி போகலாம் என்று கிளம்பினால் முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் அவர் பார்ப்பது ஸ்பேனர் பெட்டி இருக்கிறதா என்று. நெடுஞ்சாலையில் எங்கிருந்தோ புதுசாக ஒரு சத்தம் வந்தால் பேச்சை நிறுத்து என்று கை காட்டுவார். நான் சொல்லிக்கொண்டிருப்பது என் ஆபீஸ் பிரச்சினை, அவர் கேட்டுக்கொண்டிருப்பது பின்சக்கரத்தை.

ஸ்பேனர் அண்ணன் சொன்னார், ஒவ்வொரு தடவையும் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று. சரிதான். ஆனால் தேர்ந்தெடுப்பது ஒருத்தர், செலவும் நேரமும் போவது வீட்டுக் கணக்கில். வண்டி அவரைத் தேடுகிறது, அவருக்கு அது பிடித்திருக்கிறது, புரிகிறது. கேமரன் அக்கா அப்பா மாதிரி "என்னால் மட்டும்தான் முடியும்" என்பதில் ஒரு சுகம். அதனால்தான் வீட்டில் வேறு யாருக்கும் அந்த வண்டிமேல் ஒன்றும் வருவதில்லை. எங்களுக்கு அதில் வேலையே கொடுப்பதில்லையே? எனக்கு மேனுவல் லைசென்ஸ் இருக்கிறது, கிளாஸ் 3. இத்தனை வருடத்தில் அந்த வண்டியை எனக்கு ஓட்டக் கொடுத்தது ரிவர்ஸ் எடுக்க மட்டும், அதுவும் பக்கத்தில் நடந்துகொண்டே.

ஈசூன்வாசி சார், உங்கள் வீட்டில் மூன்று பேர் ஸ்கிராப் என்கிறார்களே, அந்த மூவரில் யாருக்காவது அந்த கிங்பின் என்றால் என்ன என்று ஒரு நாளாவது காட்டியிருக்கிறீர்களா?

கேமரன்மகள்:

முன்சீட்டு அக்கா, உங்களுக்கு ஒரு கோப்பி வாங்கித் தரணும்.

டோபாயோ டிரைவர்:

நான் இந்தப் பதிவை மனைவிக்குக் காட்டாமல் மூடிவிடுகிறேன் லா.

கணக்குப்பிள்ளை:

ஒரு கூடுதல் தகவல், பொதுவாக. லேண்ட் குரூசர் 70 வைத்திருக்கும் அண்ணன் அதை இன்னும் ரொம்ப நாள் வைத்திருக்கப் போகிறார் என்றால் கிளாசிக் திட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 35 வயது ஆன வண்டிக்கு உண்டு. ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம், ஆனால் சாதாரண சிஓஇ விலை கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். சனிக்கிழமை மட்டும் கழற்றி மாட்டுகிறவருக்கு 45 நாள் ஏராளம்.

முன்சீட்டு:

ஐயோ, இதை அவரிடம் சொல்லாதீர்கள் தயவுசெய்து.

ஈசூன்வாசி:

எல்லாருக்கும் நன்றி. முன்சீட்டு அவர்களே, பதில்: இல்லை, காட்டியதில்லை. நேற்று ராத்திரி மகளிடம் பேச்சுக் கொடுத்தேன். அவளிடம் இருப்பது 3ஏ, ஆட்டோ மட்டும்தான். "அந்த வண்டியை நீங்க யாருக்குமே தரமாட்டீங்கன்னுதான் நான் மேனுவல் எடுக்கல" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து "3ஆக மாத்த எவ்வளவு ஆகும்?" என்று கேட்டாள். சும்மா கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா தெரியவில்லை.

சிஓஇ பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. ஐந்தா பத்தா என்பதற்கு முன்னால் வண்டி அந்தப் பணத்துக்குத் தகுதியா என்று தெரிய வேண்டும். ஸ்பேனர் அண்ணே, பணம் கட்டுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? ஓட்டுவதில் இப்போதைக்குக் குறை இல்லை, ஆட்டமும் இல்லை, போன வருடப் பரிசோதனையில் தேறிவிட்டது.

ஸ்பேனர்:

பரிசோதனையில் தேறியது நல்லது, ஆனால் அவர்கள் பார்ப்பது இன்றைக்கு வண்டி ரோட்டில் போகலாமா என்று. நீங்கள் பார்க்க வேண்டியது இன்னும் பத்து வருடம் போகுமா என்று. இரண்டும் வேறு.

என்ஜினைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எம்13ஏ, டைமிங் செயின், எண்ணெயை நேரத்துக்கு மாற்றியிருந்தால் இன்னும் போகும். கியர்பாக்ஸ், ஆக்சில், எதுவானாலும் நான் மாற்றித் தருவேன். துரு ஒன்றுதான் முக்கியம். இந்த ஊரில் பனிக்கு உப்புத் தூவுகிற வழக்கம் இல்லை என்பது நமக்கு லாபம், ஆனால் ஈரமும் மழையும் இருக்கிறது, நீங்கள் ஜொகூரில் கடற்கரையில் இறக்கியிருந்தால் அது இன்னும் மோசம். ஹெட்லைட்டுக்குப் பின்னால் உள் தகடு, கதவுக்குக் கீழே 'சில்' என்னும் ஓரத் தகடு, பின்கதவுப் பக்கம் பூட் மூலைகள், பாடி சேஸிஸில் உட்காரும் மவுண்ட் இடங்கள். கறுப்பு அண்டர்கோட் பூசியிருந்தால் அதை நம்பாதீர்கள், அதற்கு அடியில்தான் அரிக்கும். தட்டிப் பார்க்க வேண்டும், கணீர் என்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டால் ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும்.

பாடித் தகட்டில் ஓட்டை என்றால் வெட்டி வெல்ட் செய்யலாம், செலவு, ஆனால் செய்யலாம். சேஸிஸிலேயே பின் மவுண்ட் பக்கம் ஸ்குரூடிரைவர் உள்ளே போனால் அப்புறம் நானே வேண்டாம் என்பேன், பத்து வருட சிஓஇயை அதன்மேல் போடாதீர்கள். மேலே நான் தானாகச் சாகாது என்று எழுதியதற்கு அந்த ஒரு இடம் விலக்கு.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு மேல் ஒர்க்‌ஷாப்பில் கூட்டம் குறைவு, தூக்கி நிறுத்திப் பார்க்கலாம், பார்ப்பதற்குக் காசு வேண்டாம். மகளையும் கூட்டி வாருங்கள், டார்ச் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

ஈசூன்வாசி:

வருகிறேன் அண்ணே. மகளுக்குச் சனிக்கிழமை டியூஷன் நாலரைக்குத்தான் முடியுமாம், ஐந்து மணிக்கு இருப்பீர்களா?

ஸ்பேனர்:

ஆறு வரை இருப்பேன். பழைய சட்டை போட்டு வரச் சொல்லுங்கள்.